பணியிலிருக்கும் பொறியாளரும் மேலாண்மைக் கல்வியும்

(அறக்கட்டளை விழாவின் கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மயிலாப்பூர் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழ்ச் சமணர் நெஞ்சில் நேமிநாதர் நினைவு எழும். குணவீர பண்டிதர் தாம் இயற்றிய இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ எனப் பெயரிட்டது அப்பெருமான் மீது கொண்ட பக்தியினால்தான். கடல் அரிப்புக்கு அஞ்சி அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எடுத்துச் செல்லப்பட்டது என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் செய்தி. அதே மயிலையில் இன்று வேறொரு காட்சி. தெருக்களின் நடுவே தடுப்புப் பலகைகள் நிற்கின்றன. அவற்றின் உட்புறம் மண்ணுக்கு வெகு ஆழத்தில் மெட்ரோ ரயில் நிலையம் உருவாகின்றது. தியாகராய நகரில் பனகல் பூங்காவை ஒட்டியும் அடையாற்றிலும் அவ்வாறே. மூன்று வழித்தடங்கள், ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளம், 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு என்ற அளவில் அமைந்த இத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3 அன்று ஒப்புதல் அளித்தது.

இத்தகைய பணியில் சுரங்கம் தோண்டத் தெரிந்தவர் பலர் உள்ளனர். ஆனால் சுரங்கம் தோண்டுபவர், மின்கம்பி இடுபவர், குடிநீர்க் குழாயை மாற்றி அமைப்பவர், போக்குவரத்தைத் திருப்பிவிடுபவர், நிலத்தடி நீரைக் கண்காணிப்பவர், பணம் வழங்குபவர் ஆகிய அனைவரையும் ஒரே காலக்கணக்கில் இணைத்து வைக்கத் தெரிந்தவர் மிகச் சிலரே. ஒருவர் பத்து நாள் தாமதித்தால் மற்ற ஐவர் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் செலவு குடிமக்கள் தலையில் விழும். இந்த இணைக்கும் ஆற்றலைக் கற்பிக்கும் துறையே பொறியியல் மேலாண்மை.

சிற்பமும் வாணிகமும்

ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேன ஆசாரியர் இயற்றிய ஆதிபுராணம், ஆதிபகவன் மக்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்ததாகக் கூறுகின்றது. அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்பன அவை. வாளேந்திக் காத்தல், எழுதிக் கணக்கிடுதல், உழுதல், கல்வி, வணிகம், கைவினை என அவற்றைத் தமிழில் விளக்கலாம். இன்றைய பொறியாளர் சிற்பத் தொழிலின் வழிவந்தவர். பொருளைச் செய்வதில் வல்லவர். ஆனால் பணியில் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் கழிந்ததும் அவர் மேசைக்கு வேறுவகைக் கேள்விகள் வரத் தொடங்குகின்றன. எந்த இயந்திரத்தை வாங்குவது? எவ்வளவு கையிருப்பு வைப்பது? எந்த ஒப்பந்தக்காரரை நம்புவது? பதினைந்து பேர் கொண்ட குழுவில் இருவர் பகை கொண்டால் என்ன செய்வது? இவை மசியும் வாணிகமும் சார்ந்த கேள்விகள். பொறியியல் கல்லூரியின் நான்கு ஆண்டுகளில் இவற்றுக்கு இடம் மிகக் குறைவு.

இக்குறையை உலகம் முன்னரே உணர்ந்தது. 1886-ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகக் கூட்டத்தில் ஹென்றி டவுன் என்பவர் ஒரு கட்டுரை படித்தார். பொறியாளர் பொருளியல் அறிஞராகவும் விளங்க வேண்டும், தொழிற்கூட நிருவாகம் தனியொரு துறையாகப் பயிலப்பட வேண்டும் என்பது அதன் சாரம். 1914-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் ‘பொறியியல் நிருவாகம்’ என்ற பாடப்பிரிவைத் தொடங்கியது. அதே நிறுவனம் 1931-இல், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களை அழைத்துவந்து பயிற்றுவிக்கும் திட்டத்தையும் ஏற்படுத்தியது. பணியிலிருப்போர் மீண்டும் மாணவராகலாம் என்ற எண்ணம் அவ்வாறு நிலைபெற்றது.

இந்தியாவிலும் அதற்கான விதைகள் ஊன்றப்பட்டன. பொறியாளர்களின் தேசிய அமைப்பான இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920-இல் சென்னையில்தான் பதிவு செய்யப்பட்டது. 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் தோன்றின. 1963-இல் தொழிற்கூடப் பொறியியலுக்கென்றே மும்பையில் ஒரு தேசிய நிறுவனம் அமைந்தது. சென்னையில் 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியற் கல்லூரியும், 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பிற்காலத்தில் தொழிற்கூடப் பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் தனித் துறைகளை வளர்த்தன. இவ்விரண்டும் அடையாற்றுக்கு அண்மையிலேயே அமைந்துள்ளன. தென்சென்னையில் குடியிருக்கும் ஒரு பொறியாளருக்குக் கல்வி தேடித் தொலைவு செல்ல வேண்டிய நிலை இல்லை.

என்ன கற்பிக்கப்படுகின்றது?

‘மேலாண்மை என்பது பேச்சுத் திறமைதானே, அதைப் படித்துத்தான் பெறவேண்டுமா?’ எனக் கேட்போர் உண்டு. சில எளிய கணக்குகளே அதற்கு விடை சொல்லும்.

ஒரு தொழிற்சாலையில் 20 லட்சம் ரூபாய் விலையுள்ள இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்ற கேள்வி எழுகின்றது. அதனால் ஆண்டுக்கு 5 லட்சம் மிச்சமாகும், ஐந்தாண்டு உழைக்கும். பொறியாளர் மனக்கணக்காகப் பெருக்கி, 25 லட்சம் வரும், ஆகவே 5 லட்சம் ஆதாயம் என்று பரிந்துரைக்கிறார். ஆனால் அந்த நிறுவனம் 12 விழுக்காடு வட்டியில் கடன் பெறுகின்றது. ஓராண்டு கழித்து வரும் 5 லட்சத்தின் இன்றைய மதிப்பு 4.46 லட்சமே. ஐந்தாம் ஆண்டு வரும் 5 லட்சத்தின் இன்றைய மதிப்பு 2.84 லட்சமே. ஐந்தாண்டு மிச்சத்தையும் இவ்வாறு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் ஏறத்தாழ 18 லட்சம் ஆகின்றது. ஆதாயம் எனத் தோன்றிய இடத்தில் உண்மையில் இருந்தது 2 லட்ச ரூபாய் இழப்பு. பொறியியற் பொருளியல் என்னும் பாடத்தின் முதற்சில வகுப்புகளிலேயே இது விளங்கிவிடும்.

இன்னொன்று. ஓர் உற்பத்தி வரிசையில் பாதி முடிந்த நிலையில் 600 பொருள்கள் நிற்கின்றன. நாளொன்றுக்கு 100 பொருள்கள் முழுமை பெற்று வெளியேறுகின்றன. அப்படியானால் இன்று உள்ளே நுழையும் பொருள் வெளிவர 6 நாள் ஆகும். புதிய இயந்திரம் எதுவும் வாங்காமல், இடையில் தேங்கும் எண்ணிக்கையை 300 ஆகக் குறைத்தாலே அது 3 நாளாகிவிடும். 1961-இல் ஜான் லிட்டில் என்னும் அறிஞர் கணித முறையில் நிறுவிய விதி இது. மருத்துவமனை வரிசைக்கும், வங்கி வரிசைக்கும், திருவிழா அன்னதானப் பந்திக்கும் இதுவே பொருந்தும்.

பல வேலைகள் பின்னிக் கிடக்கும் திட்டத்தில் எந்த வேலை தாமதித்தால் முழுத் திட்டமும் தாமதிக்கும் என்பதைக் கண்டறியும் முறை 1950-களின் இறுதியில் உருவாயிற்று. அத்துடன் தரக் கட்டுப்பாடு, செலவுக் கணக்கியல், கையிருப்பு மேலாண்மை, தொழிலாளர் சட்டம், ஒப்பந்தச் சட்டம், மனிதவளம் ஆகியவையும் பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. இவற்றுள் சிலவற்றை நல்ல பொறியாளர் அனுபவத்தாலேயே உணர்ந்திருப்பார். அனுபவம் கற்பிக்கும்போது தவற்றின் விலையை நிறுவனமோ தொழிலாளரோ செலுத்த நேரிடுகின்றது. வகுப்பறையில் அதே தவறு தாளோடு முடிந்துவிடும்.

பாடியும் பெரம்பூரும் காட்டும் சான்று

இக்கல்வியின் பயனை அறியச் சென்னையைத் தாண்ட வேண்டியதில்லை. கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பொறியியல் பயின்ற திரு. வேணு சீனிவாசன் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்றார். 1979-இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். பாடியில் அமைந்த அந்நிறுவனம் ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டுதலோடு முழுமைத் தர மேலாண்மையைப் பல ஆண்டுகள் பொறுமையாகப் பயின்றது. 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதன்முதலாக அந்நிறுவனம் பெற்றது. 2002-இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் அப்பரிசைப் பெற்றது.

இந்த வெற்றியில் ஒரு செய்தி பொதிந்துள்ளது. தர மேலாண்மை என்பது இறுதியில் நின்று குறையுள்ள பொருளைக் கழித்துத் தள்ளுவது அன்று. குறை எவ்விடத்தில் பிறக்கின்றது என்பதைப் புள்ளிவிவரத்தால் கண்டு, அந்த இடத்தைத் திருத்துவது. அதற்கு இயந்திரத்தை இயக்கும் தொழிலாளியின் சொல்லுக்குச் செவிசாய்க்க வேண்டும். குறைக்குப் பெரும்பாலும் முறையே காரணம், ஆளைத் தண்டிப்பதால் முறை திருந்தாது என்பது டெமிங் கற்பித்தவற்றுள் முதன்மையானது. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து நோக்க வேண்டும் என்ற அநேகாந்தக் கருத்தில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் அந்நியமாகத் தோன்றாது.

மற்றொரு சான்று பெரம்பூரில் உள்ளது. 1955-இல் தொடங்கப்பெற்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை, 2018-இல் எஞ்சின் தனியாக இல்லாமல் தானே இயங்கும் ஒரு விரைவு ரயிலை உருவாக்கியது. இன்று வந்தே பாரத் என வழங்கும் வண்டியின் முதல் வடிவம் அதுவே. திட்டமிட்டுச் செய்து முடிக்க எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ 18 மாதங்கள். அப்போது பொதுமேலாளராக இருந்த திரு. சுதான்ஷு மணி ஓர் இயந்திரப் பொறியாளர். வடிவமைப்பு, கொள்முதல், தயாரிப்பு என ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவற்றை இணையாக நடத்தியதும், பல துறையினரை ஒரே நோக்கில் ஒருங்கிணைத்ததும் அந்தச் சாதனைக்கு அடிப்படை. முதுநிலை மேலாண்மைப் பட்டத்தால் மட்டுமே இவை நடக்கும் என்று கொள்ள வேண்டா. பட்டம் பெற்றும் செயலாற்றாதோர் உண்டு, பட்டமின்றியே அரிய செயல் செய்தோரும் உண்டு. ஆயினும் இவ்விரு நிகழ்வுகளிலும் வென்றது எந்த அறிவோ, அதை முறையாகக் கற்க இன்று வழி இருக்கின்றது என்பதே கருதத்தக்கது.

சென்னையில் உள்ள வழிகள்

பணியை விடாமல் பயில விரும்புவோருக்கு நான்கு வகை வழிகள் உள்ளன.

முதலாவது, நேரில் பயிலும் பகுதிநேரக் கல்வி. அண்ணா பல்கலைக்கழகத்தில் பணியிலுள்ள பொறியாளர்கள் பகுதிநேர எம்.இ. பயிலும் மரபு நெடுங்காலமாக உண்டு. பணி அனுபவமும், பணியிடம் கல்லூரிக்கு அருகில் அமைந்திருத்தலும் இதற்குத் தேவை. வகுப்புகள் மாலையில் நடைபெறும். நுங்கம்பாக்கத்தில் லயோலா வளாகத்தில் 1979-இல் தோன்றிய மேலாண்மை நிறுவனமும் பணியாற்றுவோருக்கு மாலை நேரக் கல்வியை வழங்கி வந்துள்ளது.

இரண்டாவது, வார இறுதிக் கல்வி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மேலாண்மைத் துறை, அனுபவம் பெற்ற அலுவலர்களுக்கென இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பை வார இறுதி வகுப்புகளாக நடத்துகின்றது. உடன் பயில்வோர் வெவ்வேறு தொழில்களில் பணியாற்றுவோர் என்பதால் ஆசிரியரிடம் கற்பதற்கு இணையாக அவர்களிடமிருந்தும் கற்க இயலும்.

மூன்றாவது, பணியோடு இணைந்த கல்வியும் தொலைநிலைக் கல்வியும். பிலானி பிர்லா தொழில்நுட்ப நிறுவனம் 1979 முதல் பணியோடு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை நடத்தி வருகின்றது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் 1981 முதல் இயங்குகின்றது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1987-இல் தன் முதற்படிப்புகளைத் தொடங்கியபோதே மேலாண்மையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. கட்டணம் குறைவு, ஆனால் தன்னைத் தானே நெறிப்படுத்திக் கொள்ளும் உறுதி மிகுதியாக வேண்டும்.

நான்காவது, பட்டமின்றிப் பாடம் மட்டும் பயிலுதல். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியற் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தில் பாடங்களை எவரும் இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் சிறு கட்டணம் செலுத்தி நேரில் தேர்வு எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் ஜி. சீனிவாசன் நடத்திய செயல்முறை ஆய்வியல் பாடங்களால் பயன்பெற்றோர் நாடெங்கும் உள்ளனர். பெரும் கட்டணம் செலுத்துவதற்கு முன் இத்தகைய பாடம் ஒன்றை முழுமையாகப் பயின்று, தேர்வும் எழுதிப் பார்ப்பது அறிவுடைமை. பன்னிரண்டு வாரம் தொடர்ந்து படிக்க இயலுகின்றதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஏமாறாதிருத்தல்

இங்கே ஒரு கசப்பான நிகழ்வை நினைவூட்ட வேண்டியுள்ளது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில, உரிய ஒப்புதல் இன்றித் தொலைநிலை வழியில் பொறியியற் பட்டங்களை வழங்கின. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அப்பட்டங்களைச் செல்லாத நிலைக்குக் கொண்டுவந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன, அவர்கள் தேர்வெழுதித் தகுதியை நிலைநாட்ட வாய்ப்பளிக்கப்பட்டது. அதற்குப் பின்னர் சேர்ந்தோரின் பட்டங்கள் ரத்தாயின. அவர்களுள் பலர் பணியிலிருந்துகொண்டே, பதவி உயர்வை நம்பி, இரவெல்லாம் விழித்துப் படித்தவர்கள். உழைப்பு உண்மையானது, தாள் மட்டும் பொய்த்தது. அந்த வேதனை இன்னொரு குடும்பத்திற்கு நேரக்கூடாது.

ஆகவே சேருமுன் சிலவற்றை ஆராய வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி பொறியியற் பட்டங்களைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்க இயலாது. மேலாண்மைப் படிப்பை வழங்கலாம், அதற்கும் அந்த ஆண்டுக்குரிய அனுமதி இருக்க வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகின்றது. விளம்பரத்தை விடுத்து அப்பட்டியலைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரால், கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வழியாக வழங்கப்படும் அங்கீகாரமற்ற பட்டங்களைக் குறித்து மானியக் குழு 2023 டிசம்பரில் எச்சரிக்கை விடுத்தது. பட்டம், பட்டயம், சான்றிதழ் மூன்றும் வெவ்வேறு. ‘எக்சிகியூட்டிவ்’ என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய பல படிப்புகள் சான்றிதழ் மட்டுமே வழங்குவன. அவையும் பயனுடையவையே, ஆனால் பதவி உயர்வுக்கு அவை செல்லுமா என்பதைத் தம் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிவது நன்று. அரசுப் பணியிலும் பொதுத்துறையிலும் இருப்போர் சேர்வதற்கு முன்னரே துறை அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.

வீட்டின் கணக்கு

இனிப் பேச வேண்டியது குடும்பத்தைப் பற்றி. ஓர் இளைஞரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வயது 32. மேற்கு மாம்பலத்தில் வாடகை வீடு. அம்பத்தூரில் பணி. மனைவியும் வேலைக்குச் செல்பவர். நான்கு வயதுக் குழந்தை. வந்தவாசிக்கு அருகில் சிற்றூரில் முதிய பெற்றோர், சிறிது நிலம். இவர் இரண்டாண்டுப் படிப்பில் சேர்ந்தால் வகுப்பு நீங்கலாக வாரம் பத்து மணி நேரமாவது படிக்க வேண்டும். நூறு வாரத்தில் அது ஆயிரம் மணி நேரம். இந்த ஆயிரம் மணி நேரம் எங்கிருந்து வரும்? குழந்தையின் மாலைப்பொழுதிலிருந்தும், மனைவியின் ஓய்விலிருந்தும், பெற்றோரைக் காணச் செல்லும் ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்தும் வரும். சேரும் விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்துவோர் நால்வர். ஆகவே முடிவும் அந்த நால்வரோடு கலந்து எடுக்கப்பட வேண்டும்.

சமணக் குடும்பங்களுக்கு உரிய ஒரு நடைமுறையும் இதில் உண்டு. இரவு உண்ணா நோன்பைக் கடைப்பிடிப்போர் கதிரவன் மறையுமுன் உணவை முடித்தாக வேண்டும். பணி முடிந்து நேரே மாலை வகுப்புக்கு விரைந்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புவோர் காலையிலேயே இருவேளைக்கான உணவைக் கட்டி எடுத்துச் செல்ல நேரும். அந்தச் சுமை சமையலறையில் யார் மீது விழும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோன்பில் உறுதியுடையோருக்கு வார இறுதிப் பகல் வகுப்புகள் பொருந்தலாம். ஆனால் ஊரில் திருமணங்களும் ஆலய விழாக்களும் அதே நாள்களில்தான் நிகழும். எதை விடுவது, எதைக் காப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் மனக்கசப்பு நேராது.

பணக் கணக்கையும் மேலே கூறிய இயந்திரக் கணக்கைப் போலவே போட வேண்டும். கட்டணம், கடன் வட்டி, பயணச் செலவு ஆகியவற்றை ஒருபுறம் எழுத வேண்டும். எதிர்பார்க்கும் ஊதிய உயர்வை இன்றைய மதிப்புக்குக் குறைத்து மறுபுறம் எழுத வேண்டும். மொத்தச் செலவு 6 லட்சம், ஆண்டுக்கு 1 லட்சம் ஊதிய உயர்வு எனக் கொண்டால், வட்டியைச் சேர்க்காமலே முதல் மீள ஆறு ஆண்டுகள் ஆகும். 32 வயதினருக்கு அது தாங்கத்தக்கது. 50 வயதைக் கடந்தவர் அதே செலவைச் செய்யுமுன் இருமுறை சிந்திக்க வேண்டும். அவருக்குக் கட்டணமில்லாப் பாடங்களே போதுமானவையாக இருக்கலாம்.

கணக்கில் அடங்காத ஒரு தரப்பும் உண்டு. பெண் பொறியாளர்கள் பலர் மகப்பேற்றின்போது பணியை விட்டு விலகி, நான்கைந்து ஆண்டுகள் கழித்துத் திரும்ப முயலும்போது கதவு பாதி மூடியிருக்கக் காண்கின்றனர். அவர்களுக்கு இந்த முதுநிலைக் கல்வி மீண்டும் நுழைவதற்குரிய வழியாக அமையக்கூடும். மகன் படிக்க விரும்பினால் கடன் வாங்கத் துணியும் வீடு, மருமகள் படிக்க விரும்பினால் தயங்குகின்றது என்றால், அந்தத் தயக்கத்தின் காரணத்தை அவ்வீட்டார் தமக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதற்காக இந்த உயர்வு?

மிகுபொருள் விரும்பாமையை அணுவிரதமாகக் கொண்ட சமயத்தவர், ‘இருப்பதே போதாதா, மேலும் மேலும் பதவி எதற்கு?’ எனக் கேட்பது இயல்பு. அது புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று. ஊதிய உயர்வு ஒன்றையே இலக்காகக் கொண்டவருக்கு அக்கேள்வி தக்க கடிவாளமே. ஆனால் பதவியோடு வருவது பொருள் மட்டுமா? உயரத்தில் பணியாற்றும் தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கச்சை வாங்கித் தருவதா, அச்செலவைக் குறைப்பதா என்று முடிவெடுப்பவர் மேலாளர். ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றுவதா, மழைநாளில் ஓடையில் திறந்துவிடுவதா என்று தீர்மானிப்பவர் மேலாளர். ஒப்பந்தத் தொழிலாளரின் கூலி உரிய நாளில் சேருமாறு பார்ப்பவரும் அவரே. கொல்லாமையும் வாய்மையும் கள்ளாமையும் தொழிற்சாலையில் நடைமுறையாவது அந்த நாற்காலியில்தான். அங்கே அறிவும் அறமும் உடையோர் அமர வேண்டும். அறம் மட்டும் உடையவர் கணக்கு அறியாமையால் அங்கே தோற்றுப்போவார். கணக்கு மட்டும் அறிந்தவர் பிறரை வருத்துவார். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் மூன்றும் ஒருங்கே வேண்டும் என முன்னோர் வகுத்தது இங்கும் பொருந்துகின்றது.

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களுள் கல்விக்கு உரிய இடத்தை இவ்வவை அறியும். பள்ளி மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் உதவித்தொகை வழங்கும் அறப்பணி எங்கும் நடைபெறுகின்றது. பணியிலிருந்து கொண்டே பயில்வோருக்குப் பணத்தைவிட வேறுசில உதவிகள் தேவைப்படுகின்றன. ஏற்கெனவே இப்படிப்பை முடித்த மூத்தோர் ஆண்டுக்கு இருமுறை ஓர் ஞாயிறு முற்பகலில் அமர்ந்து, புதிதாகச் சேர விரும்புவோரின் ஐயங்களைத் தீர்க்கலாம். படித்து முடித்த நூல்களை அடுத்தவருக்கு அளிக்கலாம். சேரவிருக்கும் படிப்பின் அங்கீகாரத்தைச் சரிபார்த்துச் சொல்ல விவரம் அறிந்த இருவரை நியமிக்கலாம். வீட்டில் இடவசதி இல்லாதோருக்குக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகம் அண்மையிலேயே உள்ளது. சொந்த நூல்களைக் கொண்டுசென்று அமர்ந்து படிக்கவும் அங்கே இடமுண்டு.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் ஏர் பிடித்த குடும்பங்கள் ஒரு தலைமுறையில் ஆசிரியர்களை உருவாக்கின. அடுத்த தலைமுறையில் பொறியாளர்களை உருவாக்கின. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் தம் வசதியைக் குறைத்துக்கொண்டு இன்னொருவரைப் படிக்க வைத்தனர். இன்று படிப்பைத் தொடர எண்ணும் பொறியாளர் அந்த வரிசையில் நிற்கின்றார். அவர் அவசரப்பட வேண்டா. விளம்பரத்தைக் கண்டு மயங்கவும் வேண்டா. இந்த வாரம் ஒரு பாடத்தைத் தேர்ந்து கேட்கத் தொடங்கட்டும். மூன்று மாதம் கழித்தும் ஆர்வம் குறையாதிருந்தால், வீட்டாரை அமர்த்தி ஒரு தாளில் கணக்கெழுதட்டும். தாளின் இருபுறமும் நேர்மையாக நிரம்பிய பிறகு எடுக்கும் முடிவு, சேர்வதாயினும் சேராதிருப்பதாயினும், நல்ல முடிவாகவே அமையும்.

 கல்வியும் அறமும் இல்லந்தோறும் ஓங்குக. ஜெய் ஜினேந்திர.